திரை சொன்ன சொல்லுக்குப் பதில் சொன்ன அக்காவுக்கு

அன்பும் அறிவும் அளவாய்க் கலந்தவரே, மென்பொருள் செய்து பிழைக்கும் எங்களுக்கு மென்மை என்றால் என்ன பொருள் என்று விளங்கவைத்தவரே, இந்த மூன்றாம் மாடியில் மூத்தோர் இளையோர் எல்லோரும் ஒரே உறவு சொல்லி ‘அக்கா’ என்று அழைக்கக் கேட்டு அத்தனை பேருக்கும் அப்படியே இருந்தவரே, இன்று பணி நிறைவு பெற்று விடைபெறும் எங்கள் தலைமை நிரலாளர் அவர்களே, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இந்த மடலின் முதல் வடிவம் வேறு மாதிரி இருந்தது. அதில் உங்களைக் கடமையின் கலங்கரை விளக்கம் என்றும், நிரல் உலகின் நிறைகுடம் என்றும், பழுதறியாப் பண்பின் பெட்டகம் என்றும் எழுதியிருந்தோம். அச்சுப் பொறியில் வந்து விழுந்த அந்தத் தாள், எங்கள் கெட்ட நேரம், உங்கள் கையில் சிக்கியது. நின்றபடியே படித்துவிட்டு எங்கள் மேசைக்கு வந்தீர்கள்.

“இதுல இருக்கறவங்க ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே. யாரு இவங்க?”

நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

“மெத்தைக்காரரை எழுதலைன்னா இதைச் சட்டம் போட்டுக் குடுக்காதீங்க. எங்க வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டேன்.”

ஆகவே எழுதுகிறோம். அண்மையில் பணியில் சேர்ந்தவர்களும், அழைப்பை ஏற்று வந்திருக்கும் விருந்தினர்களும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவரும் மகளும் குழம்பாதிருக்க, முதலிலிருந்தே சொல்கிறோம்.

நம் நிறுவனம் அன்று ஒரு செருப்புக் கடையின் மேலே, சுழலும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறியின் கீழே, இரண்டே அறைகளில் நடந்துகொண்டிருந்தது. கையில் கிடைத்த முதல் பெரிய வேலை கண் மருத்துவமனை ஒன்றின் பதிவு இயந்திரம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை நிற்கும். நோயாளியின் பெயர், வயது, எந்தக் கண், என்ன தொல்லை என்று தொட்டுச் சொன்னால் ஒரு சீட்டு வரும். சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போகலாம். நிரலின் பெரும்பகுதியை எழுதியவர் நீங்கள்; உங்கள் கை பட்ட இடங்களில் ஒரு வரி வீணாக இராது என்று அப்போதே பெயர்.

ஓர் இடத்தில் மட்டும் நான்கு வரிகள் இருந்தன. நிரலாளர் எவரும் நிரலின் ஓட்டம் வந்து சேரவே முடியாத இடம் என்று சில இடங்களை நினைத்துவைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஓர் இடத்தில், ஒருவேளை வந்துவிட்டால் எங்கோ கோட்டை விட்டிருக்கிறோம் என்று உங்களுக்கே உறைக்கவேண்டும் என்பதற்காக, உங்களை நீங்களே வைதுகொண்டு இப்படி எழுதிவைத்தீர்கள்: ‘மண்டூகமே, நீ இங்கே எப்படி வந்தாய்? இங்கே வரவே கூடாதே. வந்த வழியே போ.’

சோதித்துப் பார்த்தவர்கள் அதைப் படித்தோம், ரசித்தோம், விட்டுவிட்டோம். யாரும் வரமுடியாத இடம்தானே என்று நீங்களும் அழிக்க மறந்தீர்கள். இயந்திரம் மருத்துவமனை வாசலுக்குப் போய் நின்றது.

அங்கே ஒரு காலைப்பொழுதில் மெத்தை தைக்கும் ஒருவர் வந்தார். மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பதிவு மேசையில் இருந்த பெண்ணிடம், கண்ணில் திரை விழுந்த மாதிரி இருந்தால் எதைத் தொடவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இயந்திரத்தின் முன் போய் நின்றார். வலக்கண் என்று தொட்டார். பிறகு, இல்லை, இடக்கண் என்று நினைவு வந்து, முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போய்த் திருத்தினார். யாரும் செய்யக்கூடிய திருத்தம். நாம்தான் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. நிரல் வழிதவறி, யாருமே வரமுடியாத அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திரை முழுக்கக் கொட்டை எழுத்தில் அந்த நான்கு வரிகள்.

உங்களுக்கே எழுதிக்கொண்ட நீங்கள் படித்தால் ‘இங்கே’ என்பது நிரலின் ஒரு மூலை. மருத்துவமனை வாசலில் சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர் படித்தால் ‘இங்கே’ என்பது வேறு. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் அதை உரக்கப் படித்தார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு எதற்கு என்று எழுந்து வந்த பதிவு மேசைப் பெண், நமக்கு அனுப்புவதற்காகத் திரையைப் படம் பிடித்தார். போனைத் தாழ்த்திப் பார்த்தபோது அந்த மனிதர் அங்கே இல்லை.

படம் நம் அலுவலகத்துக்கு வந்தது, கூடவே ஒரு செய்தியும்: ‘உங்க மிஷின் எங்க ஆளுங்களைத் திட்டுது. உடனே பாருங்க.’

சிரித்தோம் அக்கா. வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்களுள் ஒருவர் அதை அச்செடுத்து டீ மிஷின் மேலே ஒட்டினார். வாரம் முழுக்க ஒருவரையொருவர் ‘மண்டூகமே’ என்று கூப்பிட்டுக்கொண்டோம். நீங்களும் சிரித்தீர்கள், அதையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே அந்த வரிகளை எடுத்துவிட்டு, ‘ஏதோ தவறு நேர்ந்தது’ என்று மாற்றிவைத்தீர்கள். எல்லோருக்கும் திருப்தி. அந்தப் புது வரி யாரையும் வையவில்லை. யாருக்கும் எதுவும் சொல்லவும் இல்லை.

பிறகு ஒருநாள், சீட்டு அச்சிடும் பொறியை மாற்றுவதற்காக மருத்துவமனைக்குப் போனீர்கள். பதிவு மேசைப் பெண் உங்களைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“அன்னைக்குத் திட்டு வாங்கினாரே மேடம், அவரு யாருன்னு தெரிஞ்சுதா?”

“யாரு? மிஷின் முன்னாடி நின்னவரா?”

“ஆமா. சீட்டே எடுக்காம போயிட்டாரு. வெளியில ஒரு அம்மா கண்ணைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. கண்ணுல திரை விழுந்த மாதிரின்னா ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாதுன்னு டாக்டர் சொல்லுவாரு. நானும் தினம் பார்க்கறேன். அவங்க வரவே இல்ல.”

அந்தச் சொற்களைக் கேட்டபின் அச்சுப் பொறியை எப்படி மாட்டினீர்கள் என்று உங்களுக்கே நினைவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அலுவலகம் திரும்பியதும் அவர் யார் என்று தேடினீர்கள். ஒன்றும் இல்லை. அவர் தொட்டுக் கொடுத்த பெயர் இல்லை, போன் எண் இல்லை. பிழை எந்த வரியில் நேர்ந்தது, அதற்கு முன் அவர் என்ன செய்தார், எதுவும் எங்கும் பதிவாகவில்லை. வைவதற்கு நான்கு வரி எழுத நேரமிருந்த நமக்கு, நடந்ததைக் குறித்துவைக்க ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. மிஞ்சியது டீ மிஷின் மேல் ஒட்டியிருந்த அந்தப் படம்தான். அதை நகத்தால் மெல்ல உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். திரையின் ஓரத்தில் ஒரு தோள் தெரிந்தது. சட்டையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ.

“இது பஞ்சு” என்றீர்கள்.

“மில்லுல வேலையா இருக்குமோ அக்கா?”

“மெத்தை தைக்கறவரா இருக்கும்.”

அன்றிலிருந்து அலுவலகம் விட்டதும் தெருத்தெருவாக மெத்தைக் கடைகளுக்குப் போனீர்கள். பாதித் தோளை மட்டும் காட்டி இவரைத் தெரியுமா என்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்? ஒரு கடையில் உங்களை வரி அதிகாரி என்று நினைத்து முதலாளி பின்வாசல் வழியாக நழுவினார். இன்னொரு கடையில் காணாமல் போன கணவரைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்து, தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரும்.

கடைசியில், மனைவிக்குக் கண் சரியில்லாத ஒருவர் இருக்கிறார் என்று ஒரு பஞ்சு வியாபாரி வழி சொல்ல, அவரைக் கண்டுபிடித்தீர்கள். இடுக்கான கடை. சுவரோடு சுவராகப் பஞ்சு மூட்டைகள். அவர் தரையில் உட்கார்ந்து நீண்ட ஊசியால் மெத்தைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். மனைவி வாசல் ஓரம் ஸ்டூலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நூலை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தார். அதைக் கண்டதுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. பேச்சுக் கொடுத்ததும் அந்த அம்மாவின் வாயாலேயே கேட்டீர்கள்: வேறொரு மருத்துவரிடம் போயிருக்கிறார்கள், நேரம் கடந்துவிட்டது, அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை வராது என்று அந்த மருத்துவர் சொல்லிவிட்டார்.

அங்கே நடந்ததை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். அதை நீங்கள் சொன்னபடியே இங்கே தருகிறோம்.

“அண்ணா, கண் ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு மிஷின் இருக்குமே. அதுல உங்களுக்கு வந்ததே, அதை எழுதினது நான்தான்.”

ஊசி துணியில் பாதி இறங்கி நின்றது. அவர் உங்களைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

“என்ன வந்துச்சு?” என்று அந்த அம்மா கேட்டார்.

கணவர் சொல்லி அவருக்கு நடந்தது தெரிந்திருக்கும், சொற்கள் மட்டும்தான் தெரியாது என்று நினைத்தீர்கள். சொன்னீர்கள். நான்கு வரிகளையும் சொன்னீர்கள். அது நிரலாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது என்றும், அண்ணன் செய்ததில் ஒரு தவறும் இல்லை என்றும், அன்றைக்கே சீட்டு வந்திருக்கவேண்டும் என்றும் ஒன்று விடாமல் சொன்னீர்கள்.

அந்த அம்மா நூலை மடியில் வைத்தார். “டாக்டர் லீவுன்னுதானே சொன்னீங்க?”

அவர் பாதியில் நின்ற ஊசியை உருவிக் கீழே வைத்தார்.

“மறுபடி கேட்டப்பவும் லீவுன்னீங்க.”

“சட்டையெல்லாம் பஞ்சு” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. “உள்ள இருந்து யாரோ என்னைப் பார்த்துட்டு எழுதறாங்கன்னு நினைச்சேன். பின்னாடி நின்னவங்க வேற சிரிச்சாங்க. அதை உன்கிட்ட வந்து எப்படிச் சொல்றது?”

அந்த அம்மா எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே போய்விட்டார். அவர் உங்களிடம் சொன்னது ஒன்றே: “நீங்க கிளம்புங்கம்மா.”

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் சொன்னீர்கள். எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. படத்தை டீ மிஷினில் ஒட்டியவர் மேசையின் பலகைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், ஒரு மனிதர் மானத்துக்கு அஞ்சி மனைவியிடம் மறைத்துவைத்திருந்ததை நடுக்கடையில் போட்டு உடைத்துவிட்டு வந்திருந்தீர்கள். அதற்கு நீங்கள் சமாதானம் சொல்லவில்லை.

“எனக்கு எழுதினதை அவருக்குக் காட்டினேன். அது முதல் தப்பு. அவருக்கு மட்டும் சொல்லவேண்டியதை அவங்க முன்னாடி சொன்னேன். அது அதே தப்பு. யார் கேட்கறாங்கன்னு ரெண்டு தடவையும் நான் பார்க்கல.”

அப்போதைய மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆஸ்பத்திரியில இருந்து கேட்டா, நெட்வொர்க் பிரச்சினைன்னு சொல்லிக்கலாம்.”

“சொல்லிக்கலாம் சார். நாம வழக்கமா சொல்றதுதானே.”

நடந்ததை நடந்தபடி உங்கள் பெயரிலேயே மருத்துவமனைக்குத் தெரிவித்தீர்கள். ஒப்பந்தம் கைநழுவும் நிலைக்குப் போய், மயிரிழையில் தப்பியது. உங்களுக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு தப்பவில்லை; அது வேறொருவருக்குப் போனது. அவர் இதோ இந்த மேடையில் அமர்ந்திருக்கிறார். இந்த வரியைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே.

அதன்பின் இந்த அலுவலகத்தில் பிழைச் செய்தி எழுதுவது எளிதாக இருந்ததில்லை. எங்கள் ஒவ்வொருவரையும் அந்த மருத்துவமனை வாசலுக்கு அழைத்துப்போய், பின்னால் மனிதர்கள் வரிசையில் நிற்க, இயந்திரத்தின் முன் நிறுத்தி, நாங்கள் எழுதிய வாசகங்களை உரக்கப் படிக்கச் சொன்னீர்கள். முதலில் படித்தவர் நீங்கள். பழைய அந்த நான்கு வரிகளைத்தான் படித்தீர்கள். குரல் இரண்டாம் வரியிலேயே உடைந்தது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பதறிப்போய் உங்களுக்கு நாற்காலி தேடினார்.

எங்களுக்குச் சோம்பல் வந்தபோதெல்லாம் உங்களிடம் வாதாடினோம். “எரர் விவரம் எல்லாத்தையும் ஸ்கிரீன்லயே கொட்டிட்டா நமக்குச் சுலபம் அக்கா” என்றார் ஒருவர். “நமக்குச் சுலபம். வந்தவங்களுக்கு அது மந்திரவாதி எழுத்து. போதாக்குறைக்கு அடுத்தவங்க பேரும் வியாதியும் அதுல தெரியும்” என்றீர்கள். “அப்ப ‘ஏதோ தவறு’ன்னு மட்டும் போட்டுடலாமே, யாருக்கும் கோவம் வராதே” என்றார் இன்னொருவர். “கோவம் வராது. வழியும் தெரியாது” என்றீர்கள். காரணமே தெரியாத பிழைக்கு என்ன எழுதுவது என்று கைவிரித்தவரிடம், “காரணம் தெரியலன்னா தெரியலன்னு எழுது. சீட்டு வந்துச்சா வரலையான்னு உனக்குத் தெரியும்ல? அதைச் சொல்லு. அடுத்து எங்க போகணும்னு தெரியும்ல? அதையும் சொல்லு. அவங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்” என்றீர்கள்.

அப்படித்தான் நம் திரைகள் மாறின. வந்தவர் கண்ணில் படுவது சில எளிய வரிகளும் ஒரு சிறிய எண்ணும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், எந்த வரியில் சறுக்கியது, அதற்கு முன் எதைத் தொட்டார்கள், எந்த நேரம் என்ற விவரமெல்லாம், நோயாளியின் பெயர் மட்டும் மறைக்கப்பட்டு, நிரலாளர் கைக்கு வந்துவிடும். படிப்பவர் யார் என்று கேட்காமல் இங்கே ஒரு சொல்லும் வெளியே போவதில்லை. இதற்காக மற்ற நிறுவனத்தார் நம்மைப் பாராட்டினார்கள், கேடயம் தந்தார்கள். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் அது மின்னிக்கொண்டிருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எங்களுக்குக் கூசுகிறது. ஓர் அம்மாவின் கண் போன பிறகு நமக்கு வந்த பெருமை அது.

அந்த அம்மா, மிஞ்சியிருக்கும் கண்ணைச் சோதித்துக்கொள்ள அதே மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார், தனியாக. பதிவு மேசைப் பெண் உங்களுக்குச் சொல்லி அனுப்பினார். நீங்கள் போய்ப் பக்கத்தில் நின்றீர்கள். துரத்திவிடுவார் என்றுதான் நினைத்தீர்கள். அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“வீட்டுல பேச்சே கொறஞ்சுபோச்சும்மா” என்றார். “கண்ணு போனதுக்குக்கூட நான் அவர்மேல கோவப்படல. என்னை நம்பிச் சொல்லலையேன்னுதான்.”

“நான் அன்னைக்கு உங்க முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதும்மா” என்றீர்கள்.

“சொல்லாம இருந்திருந்தா நான் டாக்டரைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன்” என்றார் அவர். அது மன்னிப்பா, வருத்தமா என்று உங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்தடுத்த சோதனைகளுக்கும் நீங்கள் போனீர்கள். உள்ளே கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டியிருந்தது.

ஒருமுறை அவர் கணவரோடு வந்தார். நீங்கள் மாடிப்படி அருகே தூணை ஒட்டி நின்றுவிட்டீர்கள். அவர் மனைவியை உட்காரவைத்துவிட்டு இயந்திரத்தின் முன் போனார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், பிறகு தொட்டார். அன்றைக்கென்று பார்த்து மருத்துவமனையின் இணைய இணைப்பு அறுந்தது. உங்களுக்கு உயிர் போய்விட்டது. திரையில் நீங்கள் எழுதிய புது வாசகம் வந்தது: ‘எங்கள் பக்கம் தடங்கல் ஏற்பட்டுள்ளது. நீங்கள் செய்தது எல்லாம் சரி. உங்கள் பதிவு இன்னும் சேரவில்லை. வலப்பக்கம் உள்ள மேசையில் இந்த எண்ணைச் சொல்லுங்கள். அங்கேயே சீட்டு தருவார்கள்.’

அவர் அதை நெடுநேரம் படித்தார். திரும்பி, பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அவரவர் கவலை. வலப்பக்கம் நடந்து போய் எண்ணைச் சொன்னார். பதிவு மேசைப் பெண் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தார். திரும்பும் வழியில் அவர் உங்களைப் பார்த்தார். மனைவியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

மன்னித்தேன் என்று அவர் இதுவரை சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

பெருமைக்குரிய அக்கா, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டோம். இதைப் படிக்கும்போது நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்பது தெரிந்தே எழுதினோம். உங்கள் பணியைப் புகழ எங்களிடம் இன்னும் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட, தவறு செய்தபின் அந்தத் தவறு போய்ச் சேர்ந்த வீட்டைத் தேடி நடந்தவர் நீங்கள் என்பதும், நடந்தும் எல்லாம் சரியாகிவிடவில்லை என்று மறைக்காமல் வந்து சொன்னவர் நீங்கள் என்பதும் எங்களுக்குப் பெரிது. நாங்களோ அன்று சிரித்துவிட்டு, வருத்தப்படும் வேலையை இத்தனை ஆண்டும் உங்கள் ஒருவர் தலையிலேயே கட்டிவிட்டிருந்தோம்.

உடல் நலமும் உள்ள நலமும் ஒருசேர அமைய, உற்றார் சூழ, உறக்கம் குறையாமல், நெடுங்காலம் நீங்கள் நிறைவாக வாழவேண்டும். உங்கள் மேசையில் இருக்கும் செடியையும், கோப்பையையும், குளிருக்குப் போர்த்திய சால்வையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அந்த வெட்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இங்கேயே விட்டுச் செல்லுங்கள் அக்கா. எங்களுக்கு அது வேலைக்கு வேண்டும்.

உங்களோடு சிரித்தும், உங்களுக்குப் பின்னால் தலைகுனிந்தும் நின்ற,
மூன்றாம் மாடிப் பணியாளர் அனைவரும்